நாம் நம்பி எழுதிய பிளாட்ஃபார்ம் நாளைக்கும் இருக்குமா? சின்ன டெவலப்பர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குளச்சலில் விசைப்படகு வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சிக்கு ஏலக்கணக்கு ஆப் ஒன்று செய்து கொடுத்திருக்கிறோம். மீன் ஏலம் போன விலை, டீசல், ஐஸ், பேட்டா எல்லாம் பதிந்தால் படகுப் பங்கையும் ஆள் பங்கையும் பிரித்துக் காட்டும். ஒருநாள் காலையில் போன் செய்தார். "மக்களே, நீங்க ஆப் செஞ்ச சாமானை அந்தக் கம்பெனிக்காரன் நிறுத்தப் போறானாமே? அடுத்த சீசனுக்கு இது ஓடுமா, ஓடாதா?" அவருடைய மகன் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை பார்க்கிறான், அவன் சொல்லியிருக்கிறான்.

"ஓடும் அண்ணாச்சி" என்று சொல்லி போனை வைத்தேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நாகர்கோவில் வடசேரியில் எங்கள் அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர். அன்று மூன்று பேரும் கோடு (நிரல்) எழுதவில்லை, அந்தக் கேள்வியையே பேசிக்கொண்டிருந்தோம். அந்த பிளாட்ஃபார்மின், அதாவது எங்கள் ஆப்பைக் கட்டப் பயன்படுத்திய அந்தக் கம்பெனியின் அடித்தளக் கருவியின், பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் நாளைக்கு உங்களுக்கு இதே கேள்வி வேறொரு பெயரில் வரும்.

அன்றைய பேச்சில் எங்களுக்குத் தெளிவானது இது: "இது நீடிக்குமா?" என்ற கேள்விக்கு நம்மால் பதில் சொல்ல முடியாது, அதை முடிவு செய்கிறவர்கள் எங்கேயோ இருக்கிறார்கள். "இது நின்றால் நாம் வெளியே வர எத்தனை நாள் ஆகும்?" என்ற கேள்விக்கு மட்டும் நாமே கணக்குப் போட்டுப் பதில் சொல்லலாம். அந்த நாள் கணக்கு, கம்பெனி கொடுக்கும் அவகாசத்துக்குள் அடங்கினால் பயப்பட வேண்டாம். அடங்காவிட்டால் இன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த இரண்டு எண்களைக் கண்டுபிடிக்கத்தான்.

படி 1: வந்த செய்தி எந்த வகை என்று பாருங்கள்

தேதி போட்ட அறிவிப்பு ஒரு வகை. "இனிப் புதிதாக எதுவும் சேர்க்க மாட்டோம், பழுது மட்டும் பார்ப்போம்" என்பது இன்னொரு வகை. பொறுப்பில் இருப்பவர் பேச்சுவாக்கில் சொல்லும் ஒரு வாக்கியம் மூன்றாவது. மற்றதெல்லாம் வதந்தி. இவற்றைப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிப் பயம் வருகிறது.

2010 அக்டோபரில் மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் மாநாட்டு சமயத்தில், அதன் உயர் அதிகாரி பாப் மக்லியா ஒரு பேட்டியில், பிரவுசருக்குள் ஆப்களை ஓட்டும் பிளக்-இன்னான சில்வர்லைட் விஷயத்தில் தங்கள் உத்தி மாறிவிட்டது என்றார். அந்த ஒரு வாக்கியம் உலகம் முழுக்க டெவலப்பர்களைக் கலங்கடித்தது. ஆனால் அதற்குப் பிறகும், 2011 டிசம்பரில் சில்வர்லைட் 5 வந்தது. சப்போர்ட் முறைப்படி முடிந்தது 2021 அக்டோபர் 12-இல். பேச்சுக்கும் முடிவுக்கும் இடையில் பதினோரு வருடம்.

அதே காலத்தில், விண்டோஸ் நிரல்களுக்குத் திரை அமைக்க உதவும் டபிள்யூபிஎஃப்பும் செத்துவிட்டது என்று நிறையப் பேர் எழுதினார்கள். 2018 டிசம்பரில் அது ஓப்பன் சோர்ஸ் ஆனது (யாரும் அதன் கோடைப் பார்க்கலாம், மாற்றலாம்), மைக்ரோசாஃப்டின் மென்பொருள் பிளாட்ஃபார்மான டாட்நெட்டின் இன்றைய பதிப்புகளிலும் வேலை செய்கிறது. விஷுவல் பேசிக் டாட்நெட் என்ற நிரல்மொழி இரண்டாவது வகை. மொழியாக இனி அது வளராது என்று 2020 மார்ச்சில் சொல்லிவிட்டார்கள், சப்போர்ட் மட்டும் தொடர்கிறது. மார்த்தாண்டத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு அதில் எடைச்சீட்டு மென்பொருள் எழுதியிருந்தால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. புதிய வேலையை அதில் தொடங்குவதைத்தான் நான் தவிர்ப்பேன்.

படி 2: எழுத்தில் கொடுத்த வாக்குறுதியைத் தேடுங்கள்

மாநாட்டில் கைதட்டல் வாங்கிய பேச்சுக்கு மதிப்பில்லை, சப்போர்ட் கொள்கைப் பக்கத்தில் இருக்கும் வரிகளுக்குத்தான் மதிப்பு. மைக்ரோசாஃப்டின் 'மாடர்ன் லைஃப்சைக்கிள்' கொள்கையில், மாற்றுப் பொருள் இல்லாமல் ஒன்றை நிறுத்துவதானால் குறைந்தது 12 மாதம் முன்னால் சொல்வோம் என்று இருக்கிறது. டாட்நெட்டின் எல்டிஎஸ் (நீண்ட கால சப்போர்ட்) பதிப்புகளுக்கு 3 வருடம். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவின் எல்டிஎஸ்ஸுக்கு 5 வருடம். உங்கள் பிளாட்ஃபார்முக்கு இப்படி ஒரு பக்கமே கிடையாது என்றால், அவகாசம் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தில் இருப்பதும் மாறலாம். சர்வர்களில் ஓடும் லினக்ஸ் வகையான சென்ட்ஓஎஸ் 8 வெளிவந்தபோது 2029 வரை சப்போர்ட் என்றார்கள். 2020 டிசம்பரில் அதை 2021 டிசம்பர் 31 என்று சுருக்கினார்கள். நம்பி சர்வர் ஏற்றியவர்களுக்கு ஒரு வருடம்தான் கிடைத்தது. பைதான் 2 என்ற நிரல்மொழிப் பதிப்புக்கு நேர்மாறாக நடந்தது: 2015-இல் முடிய வேண்டியதை 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள். நீட்டிப்பு வரும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள், வந்தால் லாபம்.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. சில்வர்லைட்டுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த தேதி 2021. ஆனால் குரோம் பிரவுசர் அந்த வகை பிளக்-இன்களை 2015-லேயே கைவிட்டது, 2017-இல் ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்டது. குரோமில் வேலை பார்த்த வாடிக்கையாளருக்கு ஆப் நின்றது 2015-இல்தான். ஆகவே பிளாட்ஃபார்மின் தேதியோடு, அது எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதன் தேதியையும் பாருங்கள். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் உங்கள் தேதி.

படி 3: அறிவிப்பு இல்லாதபோது அறிகுறிகளைப் படியுங்கள்

கடைசிப் பதிப்பு எப்போது வந்தது, புகார்களுக்கு அந்தக் குழுவிலிருந்து பதில் வருகிறதா, கோடு சேர்ப்பவர்கள் பத்துப் பேரா இரண்டு பேரா, புதிய ஆண்ட்ராய்டு வந்து எத்தனை வாரத்தில் அதற்கு ஏற்றபடி மாற்றுகிறார்கள் என்று பாருங்கள். ஒரு அரை நாள் போதும்.

இவற்றை விட நான் பெரிதாக எடுத்துக்கொள்வது, அந்தக் கம்பெனி தன்னுடைய சொந்த வருமானத்துக்கு அந்த பிளாட்ஃபார்மைப் பயன்படுத்துகிறதா என்பது. தான் குடிக்கும் கிணற்றை யாரும் சீக்கிரம் தூர்க்க மாட்டார்கள். தன் முக்கியமான ஆப் எதையும் அதில் எழுதாமல் நம்மை மட்டும் எழுதச் சொல்லும் கம்பெனியிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

ஓப்பன் சோர்ஸ் என்றால் பயமில்லை என்பார்கள். பாதிதான் உண்மை. கோடு கிடைக்கும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டுமே. மூன்று பேர் இருக்கும் அலுவலகத்தால் ஒரு பெரிய பிளாட்ஃபார்மைத் தனியாகத் தூக்கிச் சுமக்க முடியாது.

படி 4: "நிற்கும்" என்றால் எது நிற்கும்?

இந்தப் படிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒரு ஆப் பல தூண்களின் மேல் நிற்கிறது, ஒவ்வொன்றும் விழும் விதம் வேறு.

முதலில், கடையில் இருக்கும் கணினியில் ஓடுவதையும் வேறொருவர் சர்வரில் ஓடுவதையும் பிரியுங்கள். விஷுவல் பேசிக் 6 வந்தது 1998-இல். எழுதும் கருவிக்கு சப்போர்ட் 2008 ஏப்ரலிலேயே முடிந்தது. ஆனால் அதில் எழுதிய நிரல் ஓடத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11-லும் இருக்கிறது, அதனால் அந்தக் காலத்தில் எழுதிய பில்லிங் நிரலை இன்றைக்கும் ஓட்டலாம். பார்ஸ் இதற்கு நேர் எதிர். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய அந்த மொபைல் பின்புலச் சேவையை நிறுத்துவதாக 2016 ஜனவரி 28-இல் அறிவித்தார்கள், 2017 ஜனவரியில் நிறுத்தினார்கள். சர்வர் அணைந்தால் அன்றைக்கே ஆப்பும் அணையும். நல்லவேளையாக, ஒரு வருட அவகாசமும் கொடுத்து, நாமே நடத்திக்கொள்ளும்படி சர்வர் கோடையும் திறந்து விட்டார்கள். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று எண்ணக் கூடாது.

பிரவுசரில் வீடியோ, விளையாட்டு எல்லாம் ஓட்டிய அடோபியின் ஃபிளாஷ் மூன்றாவது விதம். 2017 ஜூலையில் அறிவித்து 2020 டிசம்பர் 31-இல் சப்போர்ட்டை முடித்தார்கள். கணினியில் ஏற்கெனவே இருக்கும் பிளேயர் ஓடிக்கொண்டிருக்கும் என்று சிலர் நினைத்தார்கள். 2021 ஜனவரி 12 முதல் அந்த பிளேயரே உள்ளடக்கத்தைக் காட்ட மறுத்தது. ஆகவே "நம்ம கணினியில்தானே இருக்கு" என்பதும் எப்போதும் காப்பாற்றாது. உள்ளே ஒரு காலக்கெடுவோ, உரிமச் சரிபார்ப்போ ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்டு ஆப்களுக்கு நான்காவது விதம் ஒன்று. பிளே ஸ்டோர் ஒவ்வொரு வருடமும் ஆப் குறிவைக்க வேண்டிய ஏபிஐ அளவை, அதாவது எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்றபடி ஆப் இருக்க வேண்டும் என்ற எண்ணை, ஏற்றிக்கொண்டே போகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் புதிய ஆப்களும் அப்டேட்களும் ஆண்ட்ராய்டு 15-ஐ, அதாவது ஏபிஐ 35-ஐக் குறிவைக்க வேண்டும் என்று விதித்தது. உங்கள் பிளாட்ஃபார்ம் நின்றுபோய், அந்த அளவுக்கு அதனால் ஏற முடியாமல் போனால் என்ன ஆகும்? ஏற்கெனவே போனில் இருக்கும் ஆப் ஓடும், ஆனால் அப்டேட் போட முடியாது. காலம் போகப் போக, புதிய ஆண்ட்ராய்டு போனில் அதை முன்பு நிறுவாத கூகுள் கணக்கோடு தேடுகிறவர்களுக்கு அது ஸ்டோரிலேயே கண்ணில் படாது. படகுக்காரர் போனைக் கடலில் தவறவிட்டுப் புதிது வாங்கி, புது கூகுள் கணக்கில் தேடிவிட்டு வந்து, "ஆப்பைக் காணோமே" என்பார். சத்தமில்லாமல் நடக்கும் சாவு இது, அதனால் ஆபத்து அதிகம்.

இப்போது ஒரு தாளை எடுத்து உங்கள் ஆப்பின் தூண்களை எழுதுங்கள்: மொழி, பிளாட்ஃபார்ம், ஒவ்வொரு லைப்ரரி (பிறர் எழுதி நாம் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு), டேட்டாபேஸ், லாகின், எஸ்எம்எஸ், மேப், பிரிண்டர், ஸ்டோர் கணக்கு, சைனிங் கீ (ஆப் நம்முடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்துச் சாவி). ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு கேள்விகள்: இது நின்றால் எத்தனை நாளில் வாடிக்கையாளருக்குத் தெரியும்? மாற்று உண்டா? எங்கள் தாளில் 27 வரி வந்தது. நாங்கள் பயந்த பிளாட்ஃபார்முக்கு மாற்று இருந்தது. யாருமே கவனிக்காத ஒரு பிரிண்டர் லைப்ரரிதான் மூன்று வருடமாக ஆளில்லாமல் கிடந்தது. சின்ன ப்ளூடூத் பிரிண்டர்கள் பலவற்றில் தமிழ் எழுத்து கிடையாது, ரசீதைப் படமாக மாற்றித்தான் அனுப்ப வேண்டும். அந்த வேலையைச் செய்த லைப்ரரி அது. எங்கள் உண்மையான ஆபத்து அங்கேதான் இருந்தது.

படி 5: வெளியேறும் நாட்களை எண்ணுங்கள்

மனக்கணக்கு வேண்டாம். மூன்று திரைகளைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று எளியது, ஒன்று நடுத்தரம், ஒன்று உங்களிடம் இருப்பதிலேயே கஷ்டமானது. மாற்று பிளாட்ஃபார்ம் ஒன்றில் இந்த மூன்றை மட்டும் எழுதிப் பார்த்து, ஆன நாட்களைக் குறியுங்கள்.

எங்கள் ஆப்பில் 31 திரை. எளியது ஒரு நாளில் முடிந்தது, நடுத்தரம் மூன்று நாள், தமிழ் ரசீது அச்சிடும் திரை மட்டும் ஒன்பது நாள். எளியவை 24, நடுத்தரம் 6, கஷ்டமானது 1 என்று பிரித்தோம். 24, 18, 9 கூட்டினால் 51 நாள். பழைய டேட்டாவை மாற்ற 10, சோதனைக்கு 20. ஆக 81 வேலை நாள். மற்ற வாடிக்கையாளர்களுக்கே பாதி நேரம் போய்விடும் என்பதால் அதை இரண்டால் பெருக்கினோம், 162. மாதத்துக்கு 24 வேலை நாள் என்றால் ஏறக்குறைய ஏழு மாதம்.

எங்கள் பிளாட்ஃபார்ம் எழுத்தில் கொடுத்திருந்த அவகாசம் 12 மாதம். ஐந்து மாதம் மிச்சம். அன்று சாயங்காலம் குளச்சல் அண்ணாச்சிக்கு நானே போன் செய்தேன். அவர் போன் வந்ததிலிருந்து எங்களை அழுத்திக்கொண்டிருந்த பாரம் அந்த ஒரு கழித்தல் கணக்கில் பாதி இறங்கிவிட்டது.

படி 6: அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்

பிளாட்ஃபார்மை மாற்றாமலே வெளியேறும் நாட்களைக் குறைக்கலாம். பணத்துக்குப் பெறுமானமான வேலை இதுதான் என்பேன்.

எங்கள் ஆப்பின் உயிர், பங்கு பிரிக்கும் கணக்கு. செலவை முதலில் கழிக்க வேண்டும், மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிக்க வேண்டும். விகிதம் படகுக்குப் படகு மாறும். டிரைவருக்கு எவ்வளவு கூடுதல், வலை கிழிந்தால் யார் தலையில் என்பது வரை எல்லாம் அதில் வரும். இந்தக் கணக்கை நாங்கள் பட்டன் அமுக்கும் கோடுக்கு உள்ளேயே எழுதி வைத்திருந்தோம். அதைப் பிரித்தெடுத்து, திரையைப் பற்றியோ போனைப் பற்றியோ எதுவும் தெரியாத தனிப் பகுதியாக்கினோம். அதற்கு 60 சோதனைகள் எழுதினோம், ஒவ்வொன்றும் நிஜமாக நடந்த ஒரு நாள் ஏலக் கணக்கு. நாளைக்கு எந்த மொழிக்குப் போனாலும் அந்த 60 கணக்கும் அதே விடையைத் தந்தால் போதும்.

டேட்டாவை எஸ்க்யூலைட் என்ற, ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸில் வையுங்கள். அதை உருவாக்கியவர்கள் 2050 வரை ஆதரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இவ்வளவு நீண்ட வாக்குறுதி இந்தத் துறையில் அபூர்வம். வாடிக்கையாளர் தன் கணக்கை எப்போது வேண்டுமானாலும் எக்செல்லில் எடுக்க ஒரு பட்டனும் வையுங்கள். வெளிச் சேவைகளை நேரடியாகக் கூப்பிடாமல், நடுவில் உங்களுடைய ஒரு ஃபங்ஷன் இருக்கட்டும். எஸ்எம்எஸ் கம்பெனி மாறினால் ஒரு கோப்பைத் தொட்டால் போதும்.

மாற்றத் தொடங்கினாலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். முழுத் தோட்டத்தையும் ஒரே வருடம் வெட்டி மறுநடவு செய்தால், பால் வெட்டும் பருவம் வர ஏழு வருடம் போல ஆகும், அதுவரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது? பகுதி பகுதியாக நட்டு, கன்றுகளுக்கு இடையில் அன்னாசியோ வாழையோ போடுவார்கள். நாங்கள் முதலில் அறிக்கைத் திரைகளை மட்டும் புதிதில் எழுதினோம். பதிவு செய்வது பழையதிலேயே ஓடியது.

படி 7: மாற்றும் காலத்தை வாடிக்கையாளரின் நாட்காட்டியில் தேடுங்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. மேற்குக் கரையான குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இரண்டும் 61 நாள். படகைக் கரையேற்றி வேலை பார்க்கும் அந்த நாட்கள்தான் ஆப்பை மாற்றவும் சரியான நாட்கள். சின்னமுட்டத்தில் முதலில் போட்டுப் பார்த்து, அங்கே தெரியும் குறைகளைச் சரிசெய்து, ஜூன் பிறந்ததும் குளச்சலுக்குக் கொண்டு போகலாம். நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை கிடையாது, வள்ளக்காரர்கள் அப்போதும் கடலுக்குப் போவார்கள். அவர்களுக்கு வேறு தேதி பாருங்கள்.

தோவாளைப் பூ வியாபாரிக்கு மென்பொருள் எழுதியிருந்தால் ஓணம் வாரத்தில் அதன் பக்கமே போகாதீர்கள். புதியதைப் போட்ட பிறகு ஒரு மாதமாவது பழையதும் கூடவே ஓடட்டும். இரண்டு கணக்கும் தினமும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பாருங்கள், அந்த வேலையை வாடிக்கையாளர் தலையில் கட்ட வேண்டாம்.

படி 8: இருப்பது என்று முடிவெடுத்தால் பெட்டியைக் கட்டி வையுங்கள்

தங்குவதும் நியாயமான முடிவுதான். ஆனால் ஏற்பாட்டோடு தங்க வேண்டும். ஆப்பைக் கட்டும் கணினியை முழுசாக விர்ச்சுவல் மெஷினாக (கணினிக்குள் ஓடும் கணினியாக) நகல் எடுங்கள். எல்லா லைப்ரரிகளும் உங்கள் வட்டிலேயே இருக்கட்டும், டவுன்லோட் செய்யும் இடம் நாளைக்கு மறையலாம். சைனிங் கீயை இரண்டு இடத்தில் வையுங்கள். கீயைக் கூகுளே வைத்துக்கொள்ளும் பிளே ஆப் சைனிங்கில் இல்லாத பழைய ஆப் என்றால், கீ தொலைந்த பிறகு அதே ஆப்புக்கு அப்டேட் போட வழியில்லை. பிறகு நெட்டைத் துண்டித்துவிட்டு அந்த நகலிலிருந்து ஆப்பைக் கட்டிப் பாருங்கள். முதல் தடவை எங்களுக்கு முடியவில்லை, இரண்டு கோப்புகள் விட்டுப் போயிருந்தன. இன்றே தெரிந்தது நல்லது என்று சேர்த்து வைத்தோம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கடைகளில் இன்னும் நிறைய ஓடுகிறது. உங்கள் மென்பொருள் அதில் இருந்தால் அந்தக் கணினியை நெட்டிலிருந்து பிரித்து வைக்க முடியுமா என்று கடைக்காரரிடம் பேசுங்கள்.

படி 9: வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள்

பலரும் இதைத் தள்ளிப்போடுவார்கள். சொன்னால் விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயம். எங்கள் அனுபவத்தில் முன்கூட்டிச் சொன்னதற்காக யாரும் போகவில்லை.

நான் அன்று போனில் சொன்னது இதுதான்: "அண்ணாச்சி, உங்க மகன் சொன்னதுல உண்மை இருக்கு, ஆனா இன்னும் தேதி வரல. வந்தா ஒரு வருசம் டைம் கிடைக்கும். எங்களுக்கு மாத்த ஏழு மாசம் ஆகும். உங்க கணக்கு ஒரு வரிகூடப் போகாது. தடைக்காலத்துலதான் மாத்துவோம்." அவர் கேட்டது ஒன்றுதான்: "அதுக்குத் தனியா எவ்வளவு வாங்குவீங்க?"

நியாயமான கேள்வி. அதனால் இப்போது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுகிறோம்: ஸ்டோர் விதிக்கு ஏற்ற வருடாந்திர மாற்றம் கட்டணத்தில் அடக்கம், பிளாட்ஃபார்மே நின்றுபோனால் மாற்றும் செலவில் பாதி எங்களுடையது, பாதி அவர்களுடையது, டேட்டா எப்போதும் அவர்களுடையது. பாதிக்குப் பாதி என்பது எங்கள் முடிவு. உங்கள் விகிதம் வேறாக இருக்கலாம், ஆனால் பிரச்சினை வரும் முன்னால் தாளில் இருக்க வேண்டும்.

படி 4-இல் எழுதிய அந்தத் தாளை அலுவலகச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். ஜனவரியிலும் ஆகஸ்டிலும் 27 வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் தேதி போடுவோம். போன ஆகஸ்டில் பிரிண்டர் லைப்ரரியின் வரியை அடித்துவிட்டு, நாங்களே எழுதியதன் பெயரை அங்கே எழுதினோம்.